கையெழுத்து ஒருவர், கை இன்னொருவர்

எங்கள் வீட்டு மின் இணைப்புக்கான சோதனை அறிக்கை ஒரு டீக்கடை பெஞ்சில் எழுதப்பட்டது. ஜெயங்கொண்டம் நால்ரோட்டுக்குப் பக்கத்துக் கடை. காலை பத்தரை மணி இருக்கும். வயரிங் வேலை பார்த்த தம்பி படிவத்தை நீட்டினார். லைசென்ஸ்காரர் வண்டியை விட்டு இறங்கி, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், முத்திரையை ஒருமுறை வாயால் ஊதிக் குத்தினார். காப்புத் தடை எவ்வளவு என்று எழுத வேண்டிய கட்டம் மட்டும் காலியாக இருந்தது. "எவ்வளவுண்ணே போடறது?" என்றார் தம்பி. "இருபது போடு" என்றார் அவர். இருபது மெகா ஓம். சமையலறைக்கும் இருபது, கூடத்துக்கும் இருபது, மோட்டார் லைனுக்கும் இருபது. டீக்குக் காசு நான்தான் கொடுத்தேன். அந்த இருபதுக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவருடைய லைசென்ஸ் அசலானது, தேதியும் தாண்டவில்லை. வேலையைக் கொடுக்கும் முன்பே கேட்டு, நகல் வாங்கி, எண்ணைக் குறித்து வைத்திருந்தேன். "ஆளை வைக்கிறதுக்கு முன்னாடி லைசென்ஸ் இருக்கான்னு பாரு" என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வதை நூல் பிசகாமல் கடைப்பிடித்த வீடு எங்களுடையது. அப்படிச் செய்தும் நடந்தது இதுதான். அதற்காக அந்த அறிவுரையைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது என்பதே என் முடிவு. ஆனால் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று எடைபோடாமல் அதை நம்பி உட்கார்ந்திருப்பதும் சரியல்ல.

சட்டம் நினைத்த மூன்று பேர்

லைசென்ஸைக் கேட்பது நகரத்துக்காரர்களின் புது வழக்கம் என்று நினைக்கிறவர்கள் நம் பக்கம் உண்டு. உண்மையில் அது ஊர்ப்புறத்துக்கு மின்கம்பம் வந்த காலத்திலேயே எழுதப்பட்ட விதி. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதி இதைப் பற்றியதுதான். பின்னர் மத்திய மின்சார ஆணையம் 2010இல் கொண்டுவந்த பாதுகாப்பு விதிமுறைகளிலும், அவற்றுக்குப் பதிலாக 2023இல் வந்த விதிமுறைகளிலும் அதன் சாரம் தொடர்கிறது.

அந்த விதியைப் படித்தால் ஒன்று தெளிவாகும். சட்டம் ஓர் ஆளை நினைக்கவில்லை, மூன்று பேரை நினைக்கிறது. வேலையை எடுப்பவர் மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர். கூடவே நின்று மேற்பார்ப்பவர் தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர். கையில் கொறடு பிடித்து வேலை செய்பவர் பெர்மிட் பெற்ற மின்கம்பியாள். விதி விலக்கு ஒன்றும் உண்டு: பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, இணைப்பின் திறனோ தன்மையோ மாறாதபடி மாற்றிக்கொள்ள லைசென்ஸ் தேவையில்லை. அதே வீட்டில் ஏ.சி.க்கென்று தனி லைன் இழுத்தால் அது கூடுதல் வேலை. விதி அங்கே மீண்டும் உள்ளே வந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் இந்த உரிமங்களைக் கொடுப்பது சென்னை கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். ஒப்பந்ததாரர்களுக்கு இ.எஸ்.ஏ., இ.ஏ., இ.எஸ்.பி., இ.பி. எனத் தரங்கள் இருக்கின்றன. கடைசித் தரத்தின் பெயரே நம் ஊரில் ஒரு குழப்பம். 'இ.பி. லைசென்ஸ்' என்றதும் பலர் அதை மின்வாரியத்தோடு சேர்த்துக்கொள்கிறார்கள். வாரியம் 2010இல் பிரிந்து, பிறகு பெயர்கள் மாறி, இப்போது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் ஆகிவிட்டாலும் மக்கள் வாயில் அது இன்னும் ஈ.பி.தானே! ஈ.பி.யில் வேலை பார்ப்பவர் வேறு, இ.பி. தர உரிமம் வைத்திருப்பவர் வேறு. "நான் ஈ.பி.லதான் இருக்கேன், நானே பாத்துக்கறேன்" என்று ஒருவர் சொன்னால் அது உரிமத்துக்கு ஈடாகாது.

மூன்று பேர் என்று சட்டம் எண்ணிய இடத்தில் ஒரு வீட்டுக்கு உண்மையில் வருவது எத்தனை பேர்? பெரும்பாலும் ஒன்றரைப் பேர். ஒரு வயர்மேன், அவரோடு சுவரில் காடி எடுக்க ஒரு பையன். மற்ற இருவரும் படிவத்தில் மட்டும் வருகிறார்கள். லைசென்ஸைப் பார்க்கும் வழக்கத்தின் பலமும் பலவீனமும் இந்த ஓர் இடைவெளியில்தான் இருக்கின்றன.

கேட்பதால் என்ன லாபம்?

முதலில் அதன் நல்ல பக்கம். "லைசென்ஸ் யார் பேர்ல இருக்கு?" என்று கேட்பதற்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் அந்தக் கேள்வியே ஒரு சல்லடை. பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று விலை பேசும்போது சரளமாக இருந்தவர், இந்தக் கேள்விக்குத் தடுமாறினால் அங்கேயே பாதி விவரம் கிடைத்துவிடும். பெயரைச் சொல்லி, அட்டையின் நகலைக் காட்டி, "அவர் இன்ன அன்னிக்கு வருவார்" என்று சொல்பவர் வேறு ரகம். கேட்டதும் "அதெல்லாம் சர்வீஸ் வாங்கும்போது நான் பாத்துக்கறேன் சார்" என்பவர் இன்னொரு ரகம்.

இரண்டாவது லாபம், பொறுப்பு ஒரு பெயரில் உட்கார்கிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவு, மின் விபத்து நேர்ந்தால் தகவல் கொடுக்கவும் விசாரிக்கவும் வழிசெய்கிறது. அண்மை ஆண்டுகளில் இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறப்போர், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், ஆண்டுக்கு 12,000 பேருக்கும் மேல். அப்படி ஒரு சாவு வீட்டுக்குள் விழுந்தால் "வயரிங் யார் பார்த்தது?" என்ற கேள்வி எழும். உரிமம் பெற்றவர் என்றால் அவருக்கு இழக்க ஒன்று இருக்கிறது. உரிமம் இல்லாதவர் அலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டால் கதை முடிந்தது. பணத் தகராறுக்கும் இதே கணக்குதான். பில்லும் பெயரும் இருந்தால் அரியலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் படியேற முடியும். துண்டுச் சீட்டில் பாயிண்ட் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் மட்டும் எழுதி வாங்கிய வேலைக்கு அங்கே போய் எதைக் காட்டுவது?

மூன்றாவது, கருவிகள். உரிமம் வைத்திருப்பவரிடம் காப்புத் தடையை அளக்கும் மெகர், எர்த் டெஸ்டர் போன்றவை இருந்தாக வேண்டும். கொறடும் டெஸ்டர் திருப்புளியும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வீட்டை முழுக்க வயரிங் செய்துவிடலாம், பல்பும் எரியும். ஆனால் பல்பு எரிவது வயரிங் சரியாக இருப்பதற்குச் சாட்சி அல்ல. காப்பு கிழிந்த வயரிலும் பல்பு எரியும். எர்த் கம்பி குழிக்குள் போகாமல் சுவரோடு நின்றுவிட்ட வீட்டிலும் எரியும். அந்தக் குறைகளைக் கண்ணால் பார்க்க முடியாது, கருவியால்தான் பார்க்க முடியும். கருவி இருக்கிற ஆளை நம் வாசலுக்குக் கொண்டுவர லைசென்ஸ் ஒரு வழி.

சமையலறைச் சுவரின் சுள்

இனி மறுபக்கம். எங்கள் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரை ஈரக்கையால் தொட்டால் எப்போதாவது சுள்ளென்று இருக்கும். என் மனைவி சொல்வாள், நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. பல வருஷம் கழித்து, கசிவு மின்சாரம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யை மெயின் பலகையில் பொருத்தினோம். போட்ட அன்றே அது விழுந்தது. தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது. "கருவியே கோளாறு, எடுத்துட்டு நேரடியா குடுத்துடலாம்" என்று ஒருவர் யோசனை சொன்னார். நல்லவேளையாக, வந்திருந்த வயர்மேன் அதைக் கேட்கவில்லை.

கைப்பிடி வைத்த பழைய மெகர் ஒன்றை அவர் எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்தார். எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, ஒவ்வொரு லைனாகப் பிரித்து, ஒரு கிளிப்பை வயரிலும் ஒன்றை எர்த்திலும் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினார். கூடத்து லைனுக்கு முள் எகிறி மறுகோடியில் நின்றது. படுக்கையறைக்கும் அப்படியே. சமையலறை லைனில் சுற்றியபோது முள் எழுந்திருக்கவே இல்லை. பூஜ்யத்தை ஒட்டிப் படுத்துக்கொண்டது. "கிச்சன் லைன் எர்த் ஆகுது சார்" என்றார். இரண்டு மணி நேரம் தேடினோம். தட்டு வைக்கத் தச்சர் அடித்த ஆணி, பூச்சுக்குள் ஓடிய பைப்பைத் துளைத்து ஃபேஸ் வயரின் காப்பைக் கீறியிருந்தது. தொட்டி ஈரம் சுவரில் ஏறும்போதெல்லாம் மின்சாரமும் கூடவே ஏறியிருக்கிறது.

அந்த ஆணி வீடு கட்டும்போதே, மின் இணைப்பு வாங்கும் முன்பே அடிக்கப்பட்டது. பூச்சு ஈரம் காயாத அந்த நாட்களில் யாராவது உண்மையாக அளந்திருந்தால் அது அன்றே சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். 500 வோல்ட்டில் ஒரு நிமிடம் சோதித்தால் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும் என்பது விதி. எங்கள் படிவத்தில் அந்த லைனுக்கு எழுதியிருந்தது இருபது.

இன்னொரு முரணையும் சொல்ல வேண்டும். பொய் எண்ணை எழுதியவரிடம் முழு லைசென்ஸ் இருந்தது. ஆணியைக் கண்டுபிடித்தவர் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வில் தேறியவர் மட்டுமே. ஒப்பந்ததாரர் உரிமம் அவரிடம் இல்லை. சட்டப்படி பார்த்தால் அன்று அவரைத் தனியாக அழைத்து வேலை வாங்கியது என் தவறு.

கடலுக்கு அப்பாலும் இதே ஆணி

இது நம் ஊர்ச் சீர்கேடு என்று தலையில் அடித்துக்கொள்ள அவசியமில்லை. இங்கிலாந்தில் வெஸ்ட் பிராமிச் என்ற ஊரில் 2007 டிசம்பரில் ஓர் இளம்பெண் தன் குடியிருப்பிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். கொதிகலனிலிருந்து ஒழுகிய தண்ணீரைத் துடைக்கப் போனவர் அவர். சுவருக்குள் போன கேபிளை ஒரு திருகாணி துளைத்திருந்தது. அந்தக் கட்டடத்துக்குச் சோதனைச் சான்றிதழ் இருந்தது, எண்களும் இருந்தன, மேற்பார்வையாளரின் கையெழுத்தும் இருந்தது. சோதனை செய்ய அனுப்பப்பட்டவரோ தகுதி பெறாத உதவியாள், எண்களோ இட்டுக்கட்டியவை என்பது பின்னால் வெளிவந்தது. இத்தனைக்கும் வீட்டு மின்வேலைக்கென்றே 2005இல் தனி விதி கொண்டுவந்த நாடு அது. அங்கே திருகாணி, இங்கே ஆணி. அவர்களுக்கு ஒரு சாவு, எங்களுக்கு வெறும் சுள். மற்றபடி வேறுபாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தகுதியுள்ள கையே நேரில் வந்தாலும் போதாத சந்தர்ப்பமும் உண்டு. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். தீ பிடித்தது கீழ்த்தளத்து டிரான்ஸ்ஃபார்மரில். அதே நாள் காலையில்தான் மின்வாரிய ஊழியர்கள் வந்து அதைப் பழுதுபார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கேபிள் முனையை அழுத்திப் பொருத்துவதற்கென்று உள்ள கருவியைப் பயன்படுத்தாமல் சுத்தியலால் அடித்து மாட்டியது நீதிமன்ற விசாரணையில் வெளிப்பட்டது. இணைப்பு தளர்ந்து தீப்பொறி கிளம்பியது அங்கிருந்துதான். வந்தவர்கள் வேலைக்கு உரியவர்களே. கருவி மட்டும் உரியதல்ல.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் லைசென்ஸின் எல்லை புரிகிறது. அது 'இவர் செய்யலாம்' என்கிறது. 'இவர்தான் செய்தார்' என்றோ, 'செய்ய வேண்டியபடி செய்தார்' என்றோ அது சொல்வதில்லை. நாமோ முதல் வாக்கியத்தைப் படித்துவிட்டு மற்ற இரண்டையும் நாமாகவே சேர்த்துக்கொள்கிறோம்.

வரலாறு இருக்கிறது, வாசிக்கத்தான் வழியில்லை

உரிமத்தோடு நிற்காமல் ஆளின் பழைய வேலைகளைப் பார்ப்பதுதான் சரியான வழி என்று ஒரு வாதம் உண்டு. அமெரிக்காவின் பல நகரங்களில் அதற்கு வசதி இருக்கிறது. அங்கே லைசென்ஸ் ஒருபுறம் இருக்க, ஒவ்வொரு வயரிங் வேலைக்கும் நகராட்சியிடம் தனியாக ஒரு பெர்மிட் எடுக்க வேண்டும். சுவரை மூடும் முன் ஆய்வாளர் வந்து பார்ப்பார், முடிந்த பின் ஒருமுறை பார்ப்பார். எந்த முகவரியில், எந்த ஒப்பந்ததாரர், என்ன வேலை, ஆய்வில் தேறியதா என்பதெல்லாம் பொதுப் பதிவு. வேலைக்கு ஆள் வைக்கும் முன் அவருடைய பெர்மிட் வரலாற்றைத் தேடிப் பார்க்கலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதிலும் ஏமாறும் இடம் உண்டு. பெர்மிட்டே எடுக்காமல் திருட்டுத்தனமாக வேலை செய்பவரின் பக்கம் வெள்ளைத் தாளாக இருக்கும். வெள்ளைத் தாளை நாம் சுத்தம் என்று படித்துவிடுவோம். ஆய்வில் ஒருமுறை தவறி, திருத்திக் காட்டித் தேறியவரின் பக்கத்தில் சிவப்பு மை இருக்கும். உண்மையில் அவர்தான் சோதனைக்கு உட்பட்டவர். வயரிங் குறைகள் பத்து, பதினைந்து வருஷம் கழித்துத் தலைகாட்டும்போது பதிவேடு எப்போதோ மூடப்பட்டிருக்கும். ஆகவே வரலாறும் முழு விடையல்ல. ஆனாலும் மூடும் முன் ஒரு மூன்றாம் மனிதர் கண்ணால் பார்த்தார் என்ற அந்த ஒரு வரிக்காகவே அது மதிப்புள்ளது.

நம்மிடம் அந்த வரி இல்லை. வீட்டு வரைபட அனுமதி இருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்குச் சுயசான்று முறையிலேயே அனுமதி பெறலாம். அந்த அனுமதி சுவர் எங்கே, ஜன்னல் எங்கே என்று பேசும், சுவருக்குள் ஓடும் வயரைப் பற்றி எதுவும் பேசாது. மின் ஆய்வுத் துறை பெரிய கட்டடங்களையும் திரையரங்குகளையும் உயரழுத்த இணைப்புகளையும் பார்க்கும். ஜெயங்கொண்டத்தில் நீங்களும் நானும் கட்டுகிற இரண்டு அறை வீட்டுக்கு ஆய்வாளர் வருவதில்லை. செக்‌ஷன் ஆபீஸிலிருந்து வருபவர் பார்ப்பது மீட்டர் பெட்டியையும் அதைச் சுற்றியுள்ளவற்றையும்தான். உள்ளே இருப்பதற்குச் சாட்சி அந்த ஒரு படிவம்.

அந்தப் படிவங்கள் தொலைந்து போகவும் இல்லை. ஒவ்வொரு இணைப்பின் கோப்பிலும் யார் கையெழுத்திட்டார் என்பது இருக்கிறது. ஆனால் அவை மின் இணைப்பு எண் வாரியாக அடுக்கப்பட்டவை. ஒப்பந்ததாரர் பெயர் வாரியாகத் தொகுத்தால் அதுவே ஒரு வரலாறு. ஒரே மாதத்தில் எத்தனை வீட்டுக்கு ஒருவர் கையெழுத்திட்டார், எல்லா வீட்டிலும் ஒரே இருபதா, ஒரே நாளில் ஆண்டிமடத்திலும் தா.பழூரிலும் செந்துறையிலும் மேற்பார்வை பார்த்திருக்கிறாரா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம்தான். பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. அடுத்த வாரம் ரூஃப் போட நாள் குறித்தவர் முப்பது நாள் காத்திருப்பாரா?

தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ஒரு விளக்குக்கு இத்தனை ஆடு, நாளுக்கு இவ்வளவு நெய், அந்த ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் பெயர் இன்னது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தக் கோயிலைக் கட்டிய ராஜராஜனின் மகன் தலைநகர் அமைத்த கங்கைகொண்ட சோழபுரம் நமக்கு அடுத்த ஊர். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய விளக்குக்கு நெய் அளந்தவர் பெயர் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. போன வருஷம் நம் தெருவில் விளக்கு எரிய வைத்தவர் யார் என்பது ஓர் அலுவலக அலமாரிக்குள் தூங்குகிறது.

சான்றில்லாத கை

இந்த வழக்கத்தின் மேல் இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. அது நல்ல கைகளை வெளியே தள்ளுகிறது என்பது. முப்பது வருஷம் காடி எடுத்துப் பழகி, எந்தப் பைப் எங்கே வளையும் என்று கண்ணை மூடிச் சொல்கிற, ஆனால் பத்தாம் வகுப்பைத் தாண்டாத வயர்மேன்கள் நம் வட்டாரத்தில் இருக்கிறார்கள். சான்றைக் கேட்டுக் கேட்டு அவர்களை ஒதுக்கிவிட்டு, சான்றை மட்டும் வைத்திருப்பவருக்கு வேலையைக் கொடுப்பது நியாயமா என்ற கேள்வியில் சூடு இருக்கிறது.

பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அனுபவசாலிக்குக் கதவு அடைபட்டுக் கிடக்கிறது என்பது சரியல்ல. நான் முன்பு சொன்ன உதவியாளர் தேர்வுக்கு, ஐந்து வருஷத்துக்குக் குறையாத வயரிங் அனுபவமுள்ள, 21 வயது நிறைந்த எவரும் விண்ணப்பிக்கலாம். உச்ச வயது வரம்பு கிடையாது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் தேர்வு அது. எங்கள் ஆணியைப் பிடித்தவர் அப்படி வந்தவர்தான். சிங்கப்பூரில் இதையே படிப்படியாக வைத்திருக்கிறார்கள். எலக்ட்ரீசியன் தர உரிமம் பெற்றவர் 45 கிலோ வோல்ட் ஆம்பியர் வரையிலான வேலையைச் செய்யலாம், அதற்கு மேல் அடுத்த தரம், அதற்கும் மேல் பொறியாளர். உரிமம் உள்ளவரா என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகள் சிங்கப்பூர் சம்பாத்தியத்தில் எழும்பியவை. அங்கே சுவரில் ஒரு துளை போடவும் அனுமதி கேட்டுப் பழகியவர்கள், இங்கே வந்து வீடு கட்டும்போது மட்டும் "நம்ம பையன்தான், பாத்துப்பான்" என்று விட்டுவிடுகிறார்கள். பாசம் குறையல்ல. பாசத்துக்கு மெகரைப் பிடிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

எதைக் கேட்பது?

இன்னொரு நியாயமான எதிர்வாதம்: இதையெல்லாம் சரிபார்ப்பது வீட்டுக்காரன் வேலையா? இருக்கிறவர்களிலேயே மின்சாரம் பற்றிக் குறைவாகத் தெரிந்தவன் அவன்தான். அரசு செய்ய வேண்டிய சோதனையை அவன் தலையில் கட்டுவது சரியில்லை. படிவங்களை ஒப்பந்ததாரர் பெயர் வாரியாகத் திறந்து வைப்பதும், நூறு வீட்டுக்கு ஐந்து வீட்டையாவது குலுக்கிப் போட்டு மறுசோதனை செய்வதும் அரசின் கடமை. விண்ணப்பமே இணைய வழிக்கு வந்துவிட்ட காலத்தில் இது மலையைப் புரட்டும் காரியமல்ல. ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவான் நிறுவனத்தின் காலணித் தொழிற்சாலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. வேலைக்கு ஆள் வந்தால் வாடகை வீடு கேட்பார்கள், கட்டடம் எழும்பும், வயரிங் அவசரமும் கூடும். அதற்கு முன்பே செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடு இது.

அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. எனவே வழக்கத்தை விட வேண்டாம், கேள்வியை மாற்றுவோம் என்கிறேன். "லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டால் ஒரு தாள் கிடைக்கும். "லைசென்ஸ் வைத்திருப்பவர் எந்த இரண்டு நாள் வந்து நிற்பார்?" என்று கேட்டால் ஆள் கிடைப்பார்.

ஏன் இரண்டு நாள்? வயரிங் மறைந்து போவது இரண்டு தருணங்களில். ரூஃப் கான்கிரீட் போடும் முன், கம்பி கட்டு முடிந்து அதன் மேல் பைப் ஓடியிருக்கும் நேரம் முதலாவது. பெண்டு நசுங்கியிருந்தால், பைப் இணைப்பில் பசை தடவாமல் விட்டிருந்தால், அன்று காலைதான் பார்க்க முடியும். மதியம் கான்கிரீட் விழுந்த பிறகு அது இருபத்தைந்து வருஷ ரகசியம். சுவரில் ஓடும் பைப்புக்கும் பூச்சுக்கு முன் இதே கதிதான். அதற்கு நம் கையிலேயே ஒரு கருவி இருக்கிறது, அலைபேசி. ஒவ்வொரு சுவரையும் பூசும் முன் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்துக்கொண்டால் தச்சர் ஆணி அடிக்கும்போது எங்கே அடிக்கக் கூடாது என்று காட்டலாம். எங்களிடம் அந்தப் படம் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் நடுப்பகுதியே இருந்திருக்காது.

இரண்டாவது தருணம் சோதனை நாள். அன்று மெகர் நம் வீட்டுக்குள் வர வேண்டும், நம் கண்முன் சுற்ற வேண்டும், எண் அங்கேயே எழுதப்பட வேண்டும். எர்த் குழியையும் அன்றே அளக்கச் சொல்லலாம். கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றிய புதுக் குழி நன்றாகத்தான் காட்டும். நம் செம்மண் சித்திரை வெயிலில் காய்ந்து இறுகும்போது மண்ணின் தடை ஏறும். அதனால் கோடையில் இன்னொரு முறை அளந்து தர முடியுமா என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. இதற்கெல்லாம் கூடுதல் கூலி கேட்பார்கள். கேட்கட்டும். பாயிண்ட்டுக்குப் பத்து ரூபாய் குறைத்துப் பேசிவிட்டு, லைசென்ஸ்காரர் ரெண்டு நாள் சும்மா வந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நம் தவறும் இருக்கிறது. டீக்கடை பெஞ்சில் எழுதிய இருபதுக்கு அவர் மட்டுமா காரணம்? முந்நூறு ரூபாயில் கையெழுத்து கிடைத்தால் போதும் என்று நினைத்த நானும் ஒரு காரணம்.

பழைய வேலைகளைப் பார்ப்பதென்றாலும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அவர் வயரிங் செய்த இரண்டு வீட்டுக்குப் போய் "நல்ல ஆளா?" என்று கேட்டால் "தங்கமான ஆளு" என்பார்கள். "ஆர்.சி.சி.பி. இருக்கா, அடிக்கடி விழுதா, விழுந்தா அவர் வந்து பார்த்தாரா?" என்று கேட்டால் விஷயம் வரும்.

சென்ற ஆண்டு உடையார்பாளையத்தில் என் மைத்துனர் வீடு கட்டினார். அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே இந்த இரண்டு நாள் விவகாரத்தை ஒப்பந்ததாரரிடம் போட்டு உடைத்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, "ஆறு மணிக்கே வந்துடறேன் சார், ஆனா கூலியில சேத்துக்குவேன்" என்றார். ரூஃப் அன்று ஆறே காலுக்கு வந்தார். இரண்டு இடத்தில் பைப்பைக் கழற்றி மறுபடி மாட்டச் சொன்னார். சோதனை நாளில் மெகரைத் தரையில் வைத்து, குந்தி உட்கார்ந்து, கைப்பிடியைத் தானே சுற்றினார். என் மைத்துனர் மகள் பக்கத்தில் நோட்டோடு நின்று எழுதினாள். கூடத்துக்கு எண்பது, மோட்டாருக்கு நாற்பத்தைந்து, சமையலறைக்கு நூறுக்கு மேல்.

அந்த எண்கள் பெரியவை என்பதற்காக நான் சந்தோஷப்படவில்லை. மூன்றும் வேறு வேறாக இருந்தன.